டீச்சர் வீட்டு அடுப்படி

காலி நிலத்தில் குறுக்கே நடக்காத ஆள் என்று என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பருத்திக்காடு இருந்தது. கிணறு வற்றியதும் காட்டுக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் தரையைச் சமப்படுத்தி, கல் ஊன்றி, கல்லின் தலையில் மஞ்சள் பெயிண்டு அடித்து, மனைகளாகப் பிரித்துப் போட்டார். ரோட்டோரத்தில் ஒரு வளைவு கட்டி, தன் மகள் பெயரோடு நகர் என்று சேர்த்து எழுதினார். அந்தப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. பிளாட்டு என்போம். பல வருஷம் அங்கே கல்லும் கருவேலமும்தான் இருந்தன. சாயங்கால வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் என்றுதான் தோன்றும்.

அங்கே முதல் வீடு கட்டியவர் அந்த அக்கா.

மில் வேன் அவரை வளைவுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போகும். அங்கிருந்து பார்த்தால் வீடு நேரே தெரியும். நடுவில் ஒரு சுவர் கிடையாது, வேலி கிடையாது. குறுக்கே நடந்தால் பாதி தூரம்தான். அவர் குறுக்கே வரமாட்டார். நேராக நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். வலது கைப்பக்கம் திரும்புவார். மறுபடியும் நேராக நடந்து, இடது பக்கம் திரும்பி, தன் வாசலுக்கு வருவார். மழை கொட்டினாலும் அப்படித்தான். அந்த வெட்டவெளியில் கண்ணுக்குத் தெரியாத தெருக்களில் நனைந்துகொண்டே ஒரு பொம்பளை மூலை திரும்பி வருவதை முதல் தடவை பார்க்கிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். நானும் நின்றேன்.

நான் தண்ணீர் டிராக்டர் ஓட்டுகிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யாரிடமும் நின்று பேசக் கூச்சம். வண்டியைக் கொண்டுபோனோம், குழாயைத் திறந்துவிட்டோம், வந்தோம் என்று இருப்பேன். அவர் வீட்டுச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது, சுவரை நனைக்கத் தண்ணீர் வேண்டும் என்று கொத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து வண்டியைக் குறுக்கே இறக்கினேன்.

"ஏலே! நிறுத்துலே! ஏலே, ஒன்னயத்தான்!"

அவ்வளவு பெரிய சத்தத்தை ஒரு பெண்ணிடமிருந்து நான் கேட்டதில்லை. எஞ்சின் சத்தத்தைத் தாண்டி வந்து காதில் அறைந்தது. நிறுத்தினேன்.

"யாரு வீட்டுக்குள்ள வண்டியை விடுதே, தெரியுமா?"

சுற்றிலும் பார்த்தேன். எங்கும் வீடு இல்லை.

"அது டீச்சர் வீட்டு அடுப்படிலே. டயரை ஏத்துனா பாத்திரம் பண்டமெல்லாம் என்னத்துக்கு ஆகும்? திருப்பிக்கிட்டுத் தெரு வழியா வா."

சித்தாள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாரத்தின் மேல் நின்ற கொத்தனார், "போப்பா, போயிச் சுத்தி வா. நீயாவது அடுப்படி. நான் நேத்து அந்தாக்குல ஒதுங்கப் போயிட்டு, பட்டாளத்துக்காரர் வீட்டுப் படுக்கையறையைத் தீட்டாக்கிட்டேன்னு எம்புட்டு ஏச்சு வாங்கினேன் தெரியுமா?" என்றார்.

நான் வண்டியைத் திருப்பி, இல்லாத தெருவில் போய், இல்லாத மூலையில் திரும்பி வந்தேன். அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினார். "இப்ப வந்தே பாரு, இது மனுசன் வார வழி."

அவர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். வரிசை வரிசையாக மிஷின். நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. அந்தச் சந்தில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் அறுந்த இழையைப் பிடித்துச் சேர்த்துவிடுவதுதான் அவர் வேலை. மிஷின் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேசும்போது அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ திரித்துக்கொண்டே இருக்கும். மில்லில் குறுக்கே தாண்ட முடியாது. கடைசி வரை நடந்து மூலை திரும்பித்தான் அடுத்த சந்துக்கு வர முடியும். அவர் நடையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இது ஒரு காரணமாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். அது மட்டும் காரணம் இல்லை.

அவர் சுந்தரபாண்டியத்தில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரர் சின்ன வயசிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. கொழுந்தன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தார். மில்லுக்குப் போய்வந்து சம்பளத்தைக் கொடுத்தாலும் அடுப்பு ஓரகத்தியுடையது. "ஒரு வாய் காப்பித்தண்ணி போடணும்னா, 'ஏட்டி, அடுப்பு ஒழிஞ்சுருக்கா'ன்னு கேட்டுட்டு நிக்கணும் தம்பி. அவ ஒழியலைன்னா ஒழியலை. என்னைவிட வயசுல சின்னவ. உப்பு எடுத்தா உப்புச் சாடியைப் பாப்பா" என்று ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் அடுப்படிக்குள் போய், ஒன்றுக்கும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைத்து, செத்த நேரம் எரியவிட்டு, அணைத்துவிட்டு வந்தார். "பாத்தியா, யாரையும் கேக்கலை."

பிளாட்டு போட்ட புதிதில் மனை வாங்குகிறவர்களை முதலாளி வேன் வைத்துக் கூட்டிவந்து, பந்தல் போட்டு, பிரியாணி போட்டாராம். அன்றைக்கு ஒரு திருவிழாக் கூட்டம். டீச்சர் ஒருவர், பட்டாளத்துக்காரர் ஒருவர், துபாயில் இருக்கிறவருடைய அப்பா, பேண்டேஜ் துணி வியாபாரி ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வந்த ஒரு போலீஸ்காரர். எல்லோரும் இலையில் சாப்பிட்டுக்கொண்டே, என் மனை இது, உங்க மனை அது, பக்கத்துப் பக்கத்து வீடுதானா என்று உறவு கொண்டாடினார்களாம். டீச்சர் இவரிடம், "நீங்க மில்லுக்குப் போனா நான் உங்க வீட்டைப் பாத்துக்கிடுதேன், நான் ஸ்கூலுக்குப் போனா நீங்க என் வீட்டைப் பாத்துக்கிடுங்க" என்றாராம். அந்தப் பேச்சை அக்கா அப்படியே வைத்திருந்தார்.

மற்றவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அவர்கள் வாங்கிப் போட்டவர்கள். விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்கள். குடியிருக்க வாங்கிய ஒரே ஆள் இவர்தான் என்பது இவருக்குக் கடைசி வரை புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "பிள்ளை பரீட்சை முடியணும்ல", "பட்டாளத்துல லீவு குடுக்கணும்ல" என்று அவர்களுக்காக இவரே காரணம் சொல்லிக்கொள்வார்.

சாயங்காலம் தண்ணீர் கொண்டுபோனால் வாசலில் நிற்பார். "டீச்சர் வீட்டுப் பக்கம் ஒரே முள்ளா மண்டிக்கிடக்கு பாத்தியா? நாளைக்கு ஆள் வச்சு வெட்டணும்." வெட்டவும் செய்வார். முள் வெட்டுகிற ஆளிடம், வாசல் எங்கே வரும், கூடம் எங்கே வரும் என்று வெளியே நின்றுகொண்டே கையைக் காட்டுவார். தான் மட்டும் உள்ளே கால் வைக்கமாட்டார். ஒரு தடவை, அந்தக் காலி இடத்தில் நாலு கத்தரிச் செடி வைக்கக் கூடாதா என்று கேட்டேன். நானாக வாய் திறந்து கேட்ட சில கேள்விகளில் அது ஒன்று. காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "ஆள் இல்லாத வீட்டுல நுழைஞ்சு செடி வைப்பாகளா? டீச்சர் வந்து என்ன நினைப்பாக?"

செத்தவர்கள் பேயாகத் திரிவதாகக் கேட்டிருக்கிறேன். இன்னும் வராதவர்கள் திரிவதை அங்கேதான் உணர்ந்தேன். டிராக்டரை அணைத்துவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருக்கும் நேரத்தில், கற்களுக்கு நடுவே யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரியும், பிள்ளைகள் சத்தமாகப் பாடம் படிக்கிற மாதிரியும் இருக்கும். மேற்கே மலையிலிருந்து வருகிற காற்று வளைவுக்குள் புகுந்து வரும் சத்தம்தான். ஆனாலும் வண்டியைக் கிளப்பும்போது நானும் தெரு வழியாகவே போகத் தொடங்கியிருந்தேன்.

பஸ் அங்கே நிற்காது. லீவு நாளில் அவர் இராஜபாளையம் போய்க் காய்கறி வாங்கி டவுன் பஸ்ஸில் வருவார். நானும் சில நேரம் அதே பஸ்ஸில் இருந்திருக்கிறேன். வளைவு வந்ததும் எழுந்துவிடுவார்.

"நிறுத்துங்க, இறங்கணும்."

"ஸ்டாப் இல்லக்கா. அடுத்த விலக்குல இறங்கி நடந்து வாங்க."

"இத்தனை வீடு இருக்கு, ஸ்டாப் இல்லைங்கியே."

கண்டக்டர் குனிந்து வெளியே பார்ப்பார். "எங்கக்கா வீடு? கல்லு எண்ணுனா நூறு இருக்கும். கல்லெல்லாம் டிக்கெட் எடுக்குமா?"

பஸ்ஸே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். "எடுக்கும் தம்பி. எடுக்கிற காலம் வரும். அப்ப நீ ஸ்டாப் பேரைச் சொல்லிக் கத்துவே, நான் உள்ள இருந்து கேப்பேன்." கிளை ரோடு பிரிகிற அடுத்த விலக்கில் இறங்கி, பையோடு அவ்வளவு தூரமும் திரும்பி நடப்பார்.

இதையெல்லாம் நான் ஒரு வெகுளியின் கதையாகச் சொல்லிவிடலாம். ஆட்டுக் கிடை போட வந்த ஒரு பெண் நினைவுக்கு வந்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கோடையில் காலி நிலத்தில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர்கள் குடும்பத்தோடு அந்தப் பக்கம் வருவார்கள். ஒரு சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கிடைக்காரர் ஆடுகளை மடக்கிக்கொண்டிருக்க, அவர் மனைவி அவசரமாக மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்திருந்தாள். நிறைமாதம். டீச்சர் மனையில், சரியாக அடுப்படி வரும் என்று அக்கா காட்டுகிற மூலையில். அக்கா வேனை விட்டு இறங்கி, தெரு வழியாகத் திரும்பித் திரும்பி வந்து, மனைக்கு வெளியே நின்றார்.

"ஏட்டி, எந்திரி. அடுத்தவுக அடுப்படியில உலை வைக்கிறியே, கேட்டியா?"

"யாருகிட்டக்கா கேக்க? இது பொட்டக்காடு."

"டீச்சர் இருக்காக. உலையை இறக்கு."

"அரிசி பாதி வெந்துருச்சுக்கா. மழை வேற வருது. செத்த நேரம் பொறுங்க, இறக்கிருதேன்."

"இறக்குட்டி!"

அந்தச் சத்தத்துக்கு ஆடுகள் ஒதுங்கின. அந்தப் பெண் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் பானையைப் பிடித்து இறக்கி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து, ரோட்டைப் பார்த்து நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது. அக்கா அந்த மூன்று கல்லில் தீ அணைகிறவரை மழையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். எனக்கு அன்றைக்கு அவரைப் பிடிக்காமல் போனது. பல நாள் குழாயைத் திறந்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

பிறகு ஊர் வரத் தொடங்கியது. ஊர் வருவது மழை வருவது மாதிரி அல்ல. எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு மில் விரிவாகி எங்கள் பக்கம் புதுக் கொட்டகை போட்டது. உள்ளூர் ஆள் போதாமல் வடநாட்டு ஆட்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தங்க அறை வேண்டியிருந்தது. அறை கட்ட மனை வேண்டியிருந்தது. வாங்கிப் போட்டவர்கள் காரில் வந்து இறங்கி, தங்கள் கல்லைத் தேடினார்கள். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை இருந்தது போய், சாப்பிட நேரம் இல்லாத அளவுக்கு நடை வந்தது. காட்டுக்காரர் கிணறு வற்றிப்போய் விற்ற அதே மண்ணுக்கு நான் தண்ணீர் சுமந்துகொண்டே இருந்தேன்.

அக்கா முகம் அந்த நாட்களில் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தார். "நீங்க போலீஸ்காரர் வீடுல்லா? பிள்ளைக எல்லாம் என்ன படிக்கு?" என்று அவர்கள் மறந்துபோன அந்தப் பிரியாணி நாளிலிருந்தே பேச்சைத் தொடங்குவார். அவர்கள் முழிப்பார்கள். டீச்சர் மட்டும் வரவில்லை.

பட்டாளத்துக்காரர் ரிடையராகி வந்தார். மீசை நரைத்த, அமைதியான மனிதர். அக்கா தன் வீட்டுக்கு அந்தப் பக்கத்து மனையைக் காட்டி, "வாங்க, இதான் உங்க வீடு. முள்ளு அண்டாம வச்சிருக்கேன்" என்றார். அவரும் வீடு கட்ட, அக்கா வீட்டைக் கட்டிய பழைய கொத்தனாரையே பேசியிருந்தார். கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை முறையாக அளந்துவிடுவோம் என்று பட்டாளத்துக்காரர் சர்வேயரைக் கூட்டிவந்தார். நான் அன்றைக்கு அக்கா வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது.

சர்வேயர் ரோட்டிலிருந்து டேப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். மறுபடியும் ரோட்டுக்குப் போனார். வளைவுக்குப் பக்கத்தில் தரையைக் காலால் சீய்த்துப் பார்த்தார்.

"இங்க முதல் கல்லு ஒண்ணு இருந்திருக்கணுமே. எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. கொத்தனார் முகம் மட்டும் மாறியது. நேரே அக்கா வீட்டுக் கொல்லைக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். கொல்லையில் துவைக்கிற கல் கிடந்தது. வீடு கட்டும்போது கொத்தனார் அக்காவுக்குக் கொண்டுவந்து போட்ட கல். வளைவுக்குப் பள்ளம் தோண்டியபோது பெயர்ந்து மண் அப்பிக் கிடந்ததை, கேட்பாரற்ற கல் என்று மொபட்டில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் கல்லில்தான் அக்கா அத்தனை வருஷமும் சேலை துவைத்தார். கொத்தனார் குனிந்து அதைப் புரட்டினார். அடிப்பக்கத்தில் மஞ்சள் பெயிண்டு அழியாமல் இருந்தது. அதில் கறுப்பில் ஒன்று என்று எழுதியிருந்தது.

முதல் கல் பெயர்ந்து கிடக்க, மற்றக் கற்களில் எண்ணும் வெயிலில் அழிந்திருக்க, இரண்டாம் கல்லை முதல் கல்லாக வைத்து எண்ணி அவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருக்கிறார். எல்லாம் ஒரு மனை தள்ளிப் போயிருந்தது.

சர்வேயர் பட்டாளத்துக்காரரிடம், "சார், இந்த வீடு நிக்கிறது உங்க இடத்துல" என்றார். அக்காவிடம் திரும்பி, "உங்க இடம் அதும்மா" என்று டீச்சர் மனையைக் காட்டினார்.

எல்லோரும் அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அப்ப டீச்சர் வீடு?"

"அது இன்னும் ஒண்ணு தள்ளி."

"டீச்சர் அடுப்படி?"

சர்வேயருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

கொத்தனார் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பட்டாளத்துக்காரர்தான் முதலில் பேசினார். "அக்கா, ஒண்ணும் பயப்படாதிய. ஒரு கையெழுத்துதான். என் இடத்தை நீங்க எடுத்துக்கிடுங்க, உங்க இடத்தை நான் எடுத்துக்கிடுதேன். மாத்தி எழுதிக்கிடுவோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

நல்ல மனுஷன். வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருப்பார்கள்.

அக்கா உள்ளே போனார். வெளியே வந்தபோது முந்தானையால் பிடித்த உலைப்பானை கையில் இருந்தது. அரிசி பாதி வெந்த கஞ்சி வாசனை. பானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, நேராக நடந்தார். நின்றார். திரும்பினார். எட்டி ஒரு கால் வைத்தால் வந்துவிடுகிற பக்கத்து மனைதான். ஆனாலும் சுற்றிப் போய், வாசல் வரும் இடத்தில் நின்று, அதன் வழியாக உள்ளே கால் வைத்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அடுப்படி மூலையில் பானையை இறக்கிவைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தார்.

பட்டாளத்துக்காரர் பின்னாலேயே போய், "என்னக்கா இது" என்றார்.

"அன்னைக்கு அந்தப் பிள்ளை உலையை இறக்க வச்சேன்" என்றார் அக்கா. பட்டாளத்துக்காரரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "வயித்துப்பிள்ளக்காரி. இது என் அடுப்படில்லா தம்பி. அவ எனக்கு விருந்தாளில்லா."

அவர் விரல்கள் இல்லாத இழையைத் திரித்துக்கொண்டே இருந்தன.

பிறகு எத்தனையோ பேர் பேசிப் பார்த்தார்கள். வெறும் காகிதம்தான், மாற்றி எழுதினால் தீர்ந்தது என்றார்கள். கொத்தனார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அவர் கேட்கவில்லை. "ஓரகத்தி அடுப்படியிலயாவது கேட்டுட்டுப் பொங்கினேன். இங்க கேக்காமப் பொங்கிருக்கேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. அக்கா கட்டிய வீட்டுக்கு உண்டான மதிப்பைப் பட்டாளத்துக்காரர் கொடுத்தார். முன்பு ஒரு வீடு கட்டிய காசு அது. ஆனால் ஊர் வந்துவிட்டதே. மணல், செங்கல், கூலி எல்லாம் ஊரோடு சேர்ந்து வந்து உட்கார்ந்திருந்தன. அந்தக் காசுக்கு இப்போது ஓர் அடுப்படிதான் வந்தது.

ஆமாம், அடுப்படி மட்டும் கட்டினார். பெரிய மனையின் ஒரு மூலையில், வீடு இல்லாத ஓர் அடுப்படி. புகைபோக்கி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. சமைத்து, சாப்பிட்டு, அடுப்பை ஒட்டியே படுத்துக்கொள்வார். காலி இடத்தில் வாசல், கூடம் என்று கோலமாவால் கோடு போட்டு வைத்திருந்தார். நான் போனால், "வாசல் வழியா வா தம்பி" என்பார். கோட்டில் ஒரு இடைவெளி விட்டிருப்பார். அதன் வழியாகப் போவேன். முன்னால் இருந்த மனைகள் அப்போதும் காலியாகக் கிடந்ததால் மெயின் ரோட்டிலிருந்து அது தெரியும். சாயங்காலம் அந்த ஒற்றைச் சிறு கட்டடத்திலிருந்து புகை எழுந்தால், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கிடை போடுகிறவர்கள் ரோட்டில் போனால் வெளியே வந்து கத்திக் கூப்பிடுவார். "ஏட்டி, அடுப்பு ஒழிஞ்சிருக்கு, வந்து பொங்கிக்கோங்க!" யாரும் வரமாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நடையை எட்டிப்போடுவார்கள். அந்தப் பழைய பெண் மறுபடி அந்தப் பக்கம் வரவே இல்லை.

மில்லில் அவரை நிறுத்திவிட்டார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. இருமல் தொடங்கினால் பேச்சு அடங்கிவிடும். அவ்வளவு பெரிய சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. ஒரு நாள் பகலில் தண்ணீர் கொண்டுபோனேன். கதவு திறந்திருந்தது. அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். எனக்குச் சத்தமாகக் கூப்பிட வராது. மறுபடியும் கூப்பிட்டேன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து கொழுந்தன் குடும்பம் வந்தது. ஓரகத்தி அடுப்படிக்குள் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உப்புச் சாடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொஞ்ச நாளில் மனை கைமாறியது. ஜே.சி.பி. வந்து ஒரே தட்டில் அடுப்படியைத் தள்ளியது. இப்போது அங்கே மூன்று மாடி. முழுக்க வடநாட்டு ஆட்கள் தங்குகிற அறைகள். பட்டாளத்துக்காரர் அக்காவின் பழைய வீட்டில் குடியிருக்கிறார். அந்த அடுப்படியில் மட்டும் அவர் மனைவி அடுப்பு வைக்கவில்லை. பின்பக்கம் புதிதாக ஒன்று இறக்கிக்கொண்டார்கள். டீச்சர் வரவே இல்லை. அவர் மனையை விற்றுப் பல வருஷம் ஆகிறது என்று புரோக்கர் சொன்னார்.

போன வாரம் டிராக்டர் பழுதாகி, டவுன் பஸ்ஸில் வந்தேன். மில் ஷிப்ட் முடிந்த நேரம். பஸ் நிறைய வடநாட்டு ஆட்கள். தலைமுடியில் பஞ்சு. கண்டக்டர் பக்கத்தில் நின்றவனிடம் எங்கே என்று கேட்டார். அவனுக்கு அந்த ஒரு சொல்லைத் தவிரத் தமிழ் தெரியாது போலிருக்கிறது. ஒரு விரலைக் காட்டினான்.

"அடுப்படி."

அவனுக்குப் பின்னால் நின்றவனும் அதையே சொன்னான். அதற்குப் பின்னால் நின்றவனும்.

ஒற்றை அடுப்படி தெரிந்த காலத்தில் டிரைவர்கள் வைத்த அடையாளம் அது. இன்று அடுப்படி இல்லை. ஸ்டாப்புக்கு அதுதான் பெயர். வளைவில் எழுதிய முதலாளி மகளின் பெயர் மழையில் போய்விட்டது. பஸ் நின்றது. "அடுப்படி! அடுப்படி இறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

அவர்களோடு நானும் இறங்கினேன். எல்லாப் பக்கமும் சுவர் எழும்பிவிட்டது. அவர்கள் நேராக நடந்தார்கள். ஓர் இடத்தில் வலது கைப்பக்கம் திரும்பினார்கள். மறுபடியும் நேராக நடந்து, இடது பக்கம் திரும்பினார்கள். ஒருவன்கூடக் குறுக்கே போகவில்லை.